அரை விநாடி

எடை மெஷின் செய்கிற கம்பெனியில் அவளுக்குத் தராசு என்று பேர். அப்பா வைத்த பேர் வருகைப் பதிவேட்டில் மட்டும் தூங்கிக்கொண்டிருந்தது. பத்தொன்பது வருடமாக அவள் அங்கே பார்த்தது ஒரே வேலை. தட்டில் மூட்டை விழுந்ததும் எண்கள் தாறுமாறாக ஓடும். பக்கத்தில் லாரி போனால் ஓடும், ஃபேன் காற்று பட்டால் ஓடும். அந்த ஆட்டத்தையெல்லாம் ஒதுக்கிவிட்டு, எடை அரை விநாடி அசையாமல் நின்றால் மட்டும் வெளியே காட்டு என்று உள்ளே இருக்கிற சிப்புக்குப் புத்தி சொல்லிக்கொடுப்பது அவள் பொறுப்பு. "நடுக்கத்தை நம்பாதே" என்று புதிதாகச் சேர்கிறவர்களுக்கு முதல் நாளே ஓதிவிடுவாள். தராசு கை வைத்த மெஷின் ஆடாது என்று வாடிக்கைக்காரர்களே சொல்வார்கள். நல்ல பேர்தான். மனுஷரைக் கெடுக்கக் கெட்ட பேர்தான் வேண்டும் என்று யார் சொன்னது?

வீட்டில் அப்பா எட்டு மாதமாகப் படுக்கையில் கிடந்தார். முப்பது வருடம் லாரி ஓட்டிய மனிதர். மூளையில் ரத்தக்குழாய் அடைத்து, ஒரே நாளில் பேச்சும் கைகாலும் போய்விட்டன. மிஞ்சியவை திறந்திருக்கும் இரண்டு கண்களும், போர்வைமேல் விட்டு விட்டு நடுங்கும் வலது கட்டைவிரலும். அந்தக் கண்களுக்குப் பின்னால் ஆள் இருக்கிறாரா இல்லையா என்பதுதான் வீட்டில் ஓயாமல் நடந்த வழக்கு. இருக்கிறார் என்றாள் அவள். இல்லை என்றான் தம்பி.

அப்பா எதையும் இரண்டாம் தடவை சொல்லாத ஆள். வேலை முடிந்து வந்தால் வாசலில் ஒரு ஹாரன். ஒன்றே ஒன்று. கேட் திறக்காவிட்டால் மறுபடி அடிக்கமாட்டார், வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருப்பார். அம்மா குளித்துக்கொண்டிருந்த ஒரு நாள் முக்கால் மணி நேரம் அப்படி உட்கார்ந்திருந்துவிட்டு, "காது இருக்கிறவங்களுக்கு ஒரு தடவை போதும்" என்று சொல்லிச் சாப்பிட உட்கார்ந்தார். அம்மா சாகிறவரைக்கும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

தம்பி கெட்டவன் இல்லை. காலையில் அப்பாவைத் தூக்கி உட்காரவைத்து, துடைத்து, வேட்டி மாற்றி, குழாய் வழியாகக் கஞ்சி ஊற்றிவிட்டுத்தான் வேலைக்குப் போவான். அப்பா நல்ல கனம். தூக்கித் தூக்கி அவன் இடுப்பே போய்விட்டது, பெல்ட் போட்டுக்கொண்டுதான் நடமாடினான். சாயந்தரம் முறை அவளுடையது. அவள் அப்பாவிடம் ஆபீஸ் கதையெல்லாம் பேசிக்கொண்டே செய்வாள். அது தம்பிக்கு ஆகாது.

"அக்கா, அவரு உன்னைப் பாக்கல. உன் பக்கம் கண்ணு திறந்திருக்கு, அவ்வளவுதான். செவிடன் காதுல ஊதின சங்கு."

"செவிடர் இல்லடா. வாய்தான் இல்ல."

"சரி, அப்ப நிரூபி. அடுத்த மாசக் கடைசியில டாக்டர் வர்றாரு. அவர் முன்னாடி அப்பா ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லட்டும். சொல்லிட்டா, என் இடுப்பு ஒடிஞ்சாலும் பரவால்ல, நானே தூக்கி உக்காரவச்சுப் பாத்துக்கிறேன். சொல்லலன்னா முதியோர் இல்லத்துல சேத்துடுவோம். அங்க தூக்குறதுக்கு நாலு பேர் இருக்காங்க."

அவள் சரி என்றாள். ஒத்துக்கொள்ளும்போது அவளுக்குள் பயம் துளியும் இல்லை.

கண் சிமிட்டுவது தானாக நடப்பது, அதைப் பதிலாக எடுத்துக்கொள்ள முடியாது என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். வார்த்தைகளைக் காட்டலாம் என்று செல்போனை முகத்துக்கு நேரே பிடித்தால் அப்பா கண்ணை மூடிக்கொள்வார். கால்மாட்டில் இருந்த பழைய குழாய் டிவியை மட்டும் பார்ப்பார். அதில் படம் ஓடினாலும் பார்ப்பார், வெறும் புள்ளி பறந்தாலும் பார்ப்பார். ஆகவே அந்த டிவியிலேயே வார்த்தைகளை வரவழைப்பது என்று முடிவு செய்தாள். வரிசையாகச் சில வார்த்தைகள். ஒவ்வொன்றும் மூன்று விநாடி வெளிச்சமாகும். வேண்டிய வார்த்தை வெளிச்சமாகும்போது கட்டைவிரலுக்கு அடியில் ஒட்டிய பொத்தானை அப்பா அமுக்க வேண்டும். அமுக்கினால் அந்த வார்த்தை சிமிட்டும், ஒரு மணி அடிக்கும்.

அந்தக் கிழட்டு டிவிக்குப் பின்னால் இருந்தது, வீடியோ வயர் செருக மஞ்சள் நிறத்தில் ஒரே ஒரு துளை. படம் என்று ஒன்று இருப்பதே அந்தத் துளைக்குத் தெரியாது. ஒரு கம்பியில் மின்னழுத்தம் ஏறி இறங்குவது மட்டும் தெரியும். பூஜ்யத்துக்கு இறங்கினால் புதுக் கோடு தொடங்கு என்று அர்த்தம். வோல்ட்டில் மூன்றிலொரு பங்குக்கு ஏறினால் கறுப்பு, முழு வோல்ட் என்றால் வெள்ளை. ஒரு விநாடியைப் பத்து லட்சமாகப் பிரித்தால் அதில் அறுபத்து நாலு பங்குதான் ஒரு கோட்டுக்கு நேரம். முந்நூற்றுப் பன்னிரண்டு கோடு சேர்ந்தால் ஒரு படம், விநாடிக்கு ஐம்பது படம். எடை மெஷினில் போடுகிற அதே சிப், இரண்டு ரெசிஸ்டர், ஒரு வயர். இவ்வளவுதான் சாமான். மற்றதெல்லாம் நேரம் தவறாமை.

முதல் ஞாயிற்றுக்கிழமை திரையில் ஒரு வெள்ளைக் கட்டம் வந்தது. வந்ததே தவிர நிற்கவில்லை. அதன் ஓரங்கள் ரம்பப் பல் மாதிரி நெளிந்தன. கோடு போட வேண்டிய நொடியில் சிப் வேறு ஏதாவது சில்லறை வேலையில் இருக்கும். அதை முடித்துவிட்டு வருவதற்குள் கடுகளவு தாமதம், ஒவ்வொரு கோட்டுக்கும் ஒவ்வொரு அளவு. தராசுக்கு ஆட்டம் என்றால் ஆகுமா? ஒரு வாரம் அதோடு மல்லுக்கு நின்றாள். கடைசியில் ஒரு குறுக்குவழி பிடித்தாள். ஒவ்வொரு கோட்டுக்கும் சற்று முன்னால் சிப்பைத் தூங்கவைத்துவிடுவது. தூங்குகிறவனுக்கு வேறு வேலை கிடையாது, எழுப்பினால் எப்போதும் ஒரே நேரத்தில் எழுந்துகொள்வான். படம் கல்லில் வெட்டியதுபோல் நின்றது. "அப்பா, பாத்தீங்களா! உங்க பொண்ணு டிவி ஸ்டேஷன் வச்சுட்டா!" என்று கத்தினாள். அப்பாவின் கண் திரையில் இருந்தது. கட்டைவிரல் நடுங்கியது.

எழுத்துகளைக் கட்டம் போட்ட தாளில் புள்ளி புள்ளியாக வரைந்தாள். ண-வின் சுழிகளுக்கு இடம் போதாமல் மூன்று தாளைக் கிழித்தெறிந்தாள். தண்ணி, வலி, திருப்பிப் போடு, வெளிச்சம், அம்மா படம், வேண்டாம் என்று ஆறு வார்த்தை. டாக்டர் வரும் நாளுக்கென்று தனியாக ஒரு திரை, அதில் ஆமா, இல்ல என்று இரண்டே வார்த்தை.

மீதி இருந்தது பொத்தான். கோடு போடும்போது சிப்புக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. திரைக்கு மேலேயும் கீழேயும் காலியாகப் போகிற சில கோடுகளின்போதுதான் அது தலை நிமிர்ந்து பொத்தானை ஒரு பார்வை பார்க்கும். ஒரு படத்துக்கு ஒரு பார்வை, விநாடிக்கு ஐம்பது. அது தாராளம். அதற்கான நிரலை அவள் புதிதாக எழுதவில்லை. எடை மெஷினில் பத்தொன்பது வருடமாக ஓடுகிற துண்டு கையிலேயே இருந்தது, அதை எடுத்து ஒட்டினாள். இருபத்தைந்து பார்வை தொடர்ந்து பொத்தான் அமுங்கியிருந்தால், அதாவது அரை விநாடி நின்றால், அது அமுக்கல். அதற்குக் குறைந்தது நடுக்கம். அப்பாவின் விரல்தான் நடுங்குகிறதே, இந்த வடிகட்டி இல்லாவிட்டால் மணி அடித்துக்கொண்டே இருக்காதா? யோசித்துப் பார்த்தால் நியாயமாகத்தான் பட்டது. சொல்லப்போனால் அவள் யோசிக்கவே இல்லை. கை தன்பாட்டுக்குச் செய்தது.

தன் கட்டைவிரலால் நூறு தடவை அமுக்கிப் பார்த்தாள். நூறு தடவையும் மணி அடித்தது. நல்ல விரல், நன்றாக அமுக்கும் விரல்.

பிறகு அப்பாவின் விரலுக்கடியில் பொத்தானை வைத்து டேப் சுற்றினாள். மூன்று வாரம் காலையிலிருந்து சாயந்தரம் வரை திரையில் வார்த்தைகள் மாறி மாறி வெளிச்சமாயின. விரல் நடுங்கும், நிற்கும், நடுங்கும். மணி மட்டும் அடிக்கவில்லை. ஒரே ஒரு தடவை அடித்தது. அவளும் தம்பியும் ஓடிப்போய்ப் பார்த்தால், தலையணை சரிந்து கைமேல் விழுந்திருந்தது. திரையில் வெளிச்சம் என்ற வார்த்தை சிமிட்டிக்கொண்டிருந்தது.

"தலையணைக்குப் புரிஞ்சது கூட அப்பாவுக்குப் புரியல, பாத்தியா?" என்றான் தம்பி. சொல்லிவிட்டு அவனே முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

டாக்டர் சொன்ன தேதியில் வந்தார். நிதானமானவர், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஐந்து கேள்வி கேட்டார். இது உங்க பொண்ணா? இது பகலா? நீங்க லாரி ஓட்டினீங்களா? உங்களுக்கு மூணு பசங்களா? நாம இப்ப ஆஸ்பத்திரியில இருக்கோமா? ஒவ்வொரு கேள்விக்கும் ஆமா, இல்ல, ஆமா, இல்ல என்று திரை மும்மூன்று சுற்று சுற்றியது. விரல் அசைந்தது. மணி அடிக்கவில்லை.

"விரல் ஆடுதே டாக்டர்" என்றாள்.

"அது தானா வர்ற நடுக்கம்மா. கேள்விக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. நீங்களே அதை வடிகட்டத்தான செஞ்சிருக்கீங்க?"

மெஷின் பொய் சொல்லாது. அவள் கை வைத்த மெஷின் ஆடாது. அன்றைக்கு முதன்முறையாக அவள் அப்பாவின் கண்களைப் பார்த்து, தம்பி சொல்வது சரியோ என்று நினைத்தாள். நினைத்தது அவருக்குத் தெரிந்திருக்கும். அவர் கண் அவள்மேல்தான் இருந்தது.

இல்லத்தில் கட்டில் காலியாக நான்கு நாள் ஆயிற்று. அந்த நாலு நாளும் அந்த அறையிலேயே பெட்டி கட்டினார்கள். எந்த வேட்டி, எத்தனை துண்டு, மருந்துச் சீட்டு யார் வைத்துக்கொள்வது என்று அப்பாவின் தலைக்கு மேலேயே பேசிக்கொண்டார்கள். டிவியை அணைக்க அவளுக்கு மனம் வரவில்லை, ஆறு வார்த்தைத் திரையைப் போட்டு ஓடவிட்டிருந்தாள். விரலில் டேப்பும் அப்படியே இருந்தது. ஐந்தாம் நாள் காலை வண்டி வந்தபோது அவளே டேப்பை உரித்தாள். தோல் வெள்ளையாக ஊறியிருந்தது.

இல்லத்தில் பார்வை நேரம் நாலு முதல் ஆறு. முதல் மாதம் ஒன்றுவிட்டு ஒருநாள் போனாள். அப்புறம் வாரம் ஒருநாள். பேசுவதை நிறுத்திவிட்டாள். போவாள், போர்வையைச் சரிசெய்வாள், வருவாள். தம்பியின் இடுப்பு தேவலையாயிற்று.

நான்கு மாதம் கழித்துக் கம்பெனி முதலாளி, கிடங்குகளில் எடையைப் பெரிய டிவியில் காட்டினால் என்ன என்று கேட்டார். "நீதான் ஏதோ டிவிக்கு சிப் பண்ணினியாமே தராசு, கொண்டு வாயேன்." பீரோ அடியிலிருந்து அந்தச் சிப் இருந்த பெட்டியை எடுத்துவந்து மேஜையில் வைத்தாள். அழித்துவிட்டுப் புதிதாக எழுத வேண்டும். அழிப்பதற்கு முன், சர்வீசுக்கு வரும் எடை மெஷின்களில் செய்கிற வழக்கப்படி, உள்ளே இருந்த பதிவைப் படித்தாள். அவள் ஒட்டிய அந்தப் பழைய துண்டுக்கு ஒரு வால் உண்டு. நடுக்கம் என்று தள்ளிவிட்டதையெல்லாம், எந்த எடையில் எத்தனை தடவை ஆடியது என்று எண்ணி வைத்துக்கொள்ளும். பின்னால் மெக்கானிக் பார்த்து எங்கே குலுங்குகிறது என்று கண்டுபிடிக்க வசதி. இங்கே எடைக்குப் பதில் வார்த்தை. அதை ஒட்டியதே அவளுக்கு மறந்துபோயிருந்தது.

எண்கள் வந்தன. தண்ணி, நூற்றுப் பதினெட்டு. வலி, நாற்பத்தாறு. திருப்பிப் போடு, எழுபத்து மூன்று. வெளிச்சம், இரண்டு. அம்மா படம், தொண்ணூறு.

நடுக்கத்துக்குப் படிக்கத் தெரியாது. வெறும் நடுக்கமாக இருந்தால் எல்லா வார்த்தைமேலும் ஏறக்குறைய ஒரே அளவில் விழுந்திருக்க வேண்டும். தண்ணிக்கு நூற்றுப் பதினெட்டு, வெளிச்சத்துக்கு இரண்டு என்றால் அங்கே ஒருவர் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் திரையின் பதிவைப் பார்த்தாள். ஆமா, ஒன்பது. இல்ல, ஆறு. பொண்ணா, பகலா, லாரியா, மூன்றுக்கும் ஆமாதான் சரி. மூன்று பசங்களா, ஆஸ்பத்திரியா, இரண்டுக்கும் இல்லதான் சரி. ஒவ்வொரு கேள்விக்கும் மூன்று சுற்று. ஒரு சுற்றைக்கூட விடாமல், ஒன்றைக்கூடத் தப்பாகச் சொல்லாமல், அப்பா பதினைந்து தடவை பதில் சொல்லியிருந்தார். அவரால் அந்த விரலைக் கால் விநாடியோ என்னவோதான் அழுத்த முடிந்திருக்கிறது. அவள் கேட்டது அரை விநாடி.

கடைசியில் ஒரு எண் இருந்தது. வேண்டாம், இருநூற்று ஐம்பத்தைந்து.

முதலில் அது சிப்பின் நினைவில் காலியாகக் கிடக்கிற பெட்டியாக இருக்கும் என்று தன்னைத் தேற்றிக்கொள்ளப் பார்த்தாள். எழுதப்படாத பெட்டியிலும் அந்த எண்தான் இருக்கும். ஆனால் எல்லாப் பெட்டியிலும் பூஜ்யத்தை வைத்துத் தொடங்கியது அவள்தானே. அந்தப் பெட்டியில் இருநூற்று ஐம்பத்தைந்துக்கு மேல் எண்ண இடமில்லை, நிரம்பியதும் எண்ணிக்கை அங்கேயே நின்றுவிடும். அதற்கப்புறம் எத்தனை தடவை என்று இனி யாராலும் சொல்ல முடியாது. அதற்கு முன் அவருக்கு வேண்டாம் என்று சொல்ல எதுவும் இருக்கவில்லை. நாலு நாள், அவர் தலைக்கு மேலே இவர்கள் துண்டை மடித்து மடித்துப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது, எதையும் இரண்டாம் தடவை சொல்லாத அந்த மனிதர் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். செவிடு யார் என்று இப்போது தெரிந்தது. அவள் மேஜையில் தலையைக் கவிழ்த்து வாய்விட்டு அழுதாள். பக்கத்து மேஜைக்காரர்கள் பதறிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார்கள். தண்ணீரைப் பார்த்ததும் அழுகை கூடியது.

தம்பிக்குப் போன் செய்தாள்.

"அப்பா பேசினாருடா."

"என்னக்கா சொல்ற? எப்ப? இல்லத்துல இருந்து கூப்பிட்டாங்களா?"

"நாலு மாசத்துக்கு முன்னாடி. டாக்டர் கேட்டதுக்கெல்லாம் சரியா சொல்லியிருக்காரு. நான்தான் கேக்கல. மெஷினை நான்தான் தப்பா செஞ்சுட்டேன். இல்லத்துக்கு வேண்டாம்னு நாலு நாளும் சொல்லியிருக்காருடா."

"இதை இப்ப ஏன்க்கா எங்கிட்ட சொல்ற?" என்றான். "நான் எப்படி இனிமே சோறு திம்பேன்?"

நிரலில் இருபத்தைந்து பார்வை என்றிருந்ததை அழித்துவிட்டு ஐந்து என்று போட்டாள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மறுநாள் மத்தியானம் அந்தக் கிழட்டு டிவியை வாடகை வண்டியில் ஏற்றிக்கொண்டு இல்லத்துக்குப் போனாள். பச்சைப் பெயின்ட் அடித்த நீள அறை, இரண்டு பக்கமும் இரும்புக் கட்டில்கள், ஃபினாயில் வாடை. அப்பா ஜன்னலோரக் கட்டிலில் இருந்தார். கன்னம் ஒட்டியிருந்தது. வார்டு ஆயா டிவியைத் தூக்கிவைக்க ஒரு கை கொடுத்தாள்.

"தொந்தரவே இல்லாத மனுஷர்மா உங்கப்பா. வந்த புதுசுலதான் கட்டில் கம்பியில இந்த விரலால டக்கு டக்குன்னு தட்டிக்கிட்டே இருப்பாரு. பக்கத்துக் கட்டில்காரருக்குத் தூக்கம் வரலன்னாரு. கைக்கு அடியில துணியை மடிச்சு வச்சோம். கொஞ்ச நாள்ல அந்த நடுக்கமும் நின்னு போச்சு. நல்லதாப் போச்சு."

அவள் துணியை எடுத்துவிட்டுப் பொத்தானை வைத்தாள். டேப் சுற்றும்போது கை நடுங்கியது, அவள் கைதான். அப்பாவின் கை அசையாமல் கிடந்தது.

"அப்பா, தப்பு என்னோடதுப்பா. நீங்க சொன்னதெல்லாம் உள்ள இருக்கு, நான் பாத்துட்டேன். இப்ப மாத்திட்டேன். லேசாத் தொட்டாப் போதும். வேண்டாம்னு ஒரே ஒரு தடவை சொல்லுங்க, இப்பவே வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடறேன். தம்பியும் வர்றேன்னு சொல்லியிருக்கான்."

தண்ணி வெளிச்சமானது. வலி. திருப்பிப் போடு. வெளிச்சம். அம்மா படம். வேண்டாம். மறுபடி தண்ணி. அப்பா திரையைப் பார்த்தார். ஒரு சுற்று முழுக்கப் பார்த்தார், அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. பிறகு கண்ணை அவள் பக்கம் திருப்பினார். அவள் முகத்தில் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். அப்புறம் ஜன்னலுக்குத் திருப்பிக்கொண்டார், திரையின் பக்கம் வரவே இல்லை.

ஒரு நடுக்கம், ஒரே ஒரு நடுக்கம் என்று அவள் அந்த விரலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காற்றில் போர்வை அசைந்ததைக்கூட விரல் என்று நினைத்து இரண்டு தடவை எழுந்தாள். திரை சுற்றிக்கொண்டே இருந்தது. ஆறு மணிக்கு ஆயா விளக்கைப் போட வந்தவள் டிவி முன்னால் நின்றுவிட்டாள்.

"எவ்வளவு பழைய டிவி, எழுத்து ஆடவே இல்லையேம்மா! யாரு செஞ்சது?"

"நான்தான் செஞ்சேன்" என்றாள் அவள்.